வால்வு மாற்றியும் மறுபடி கருகுவது ஏன்?

1955இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா திருவொற்றியூரில் தயாரித்த பழைய 346 சி.சி. புல்லட்டுகளை, கொச்சி தேவராவைப் போன்ற உப்பங்கழியோர ஊர்களில் இன்றும் ஆசையாகக் கட்டி ஓட்டுகிறார்கள். போர் போட்டு, புது பிஸ்டன் மாட்டி, எஞ்சின் வேலை முடித்த வண்டி சில மாதங்களிலேயே கிக்கரில் கனமில்லாமல் இறங்கும், சைலன்சரில் வெடிக்கும். ஹெட்டைக் கழற்றினால் எக்ஸாஸ்ட் வால்வின் விளிம்பு ஓரிடத்தில் மட்டும் கருகிப் பள்ளமாகியிருக்கும். உடனே புது வால்வு வாங்கி, கிரைண்டிங் பேஸ்ட் தடவி அரைத்து மாட்டுவதுதான் வழக்கம். அதுவும் கருகும். இதற்கு வால்வின் தரத்தைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. அதைச் சுற்றியுள்ள சீட், கைடு, டேப்பட் இடைவெளி ஆகியவற்றை எந்த வரிசையில் சரிசெய்தோம் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

எக்ஸாஸ்ட் வால்வு வாங்கும் சூட்டில் பெரும்பங்கு, அது சீட்டில் அமர்ந்திருக்கும் கண நேரத்தில்தான் ஹெட்டுக்குள் இறங்குகிறது. மிச்சம் தண்டு வழியாகக் கைடுக்குப் போகிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால், வால்வு நொடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது. 100 மி.மீ. எஃகுத் தண்டு 300 டிகிரி சூடேறினால் மூன்றில் ஒரு மி.மீ.க்குக் குறையாமல் நீளும். சத்தம் பிடிக்கவில்லை என்று டேப்பட்டை இறுக்கிவிட்டால் நீள்வதற்கு இடமிருக்காது. வால்வு முழுதாக அமராது, எரியும் வாயு அந்தச் சந்தில் பீறிட்டு விளிம்பை அரிக்கும். புதிதாக அரைத்த சீட் படியப் படிய வால்வு இன்னும் சற்று உள்ளே போவதால், கட்டிய எஞ்சினில் இடைவெளி தானாகவே குறையவும் செய்யும். முதல் 500 கி.மீ. ஓடியதும் குளிர்ந்த எஞ்சினில் டேப்பட் மூடியைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும். புஷ்ராடு இரண்டு விரலுக்குத் தடையில்லாமல் சுழல வேண்டும்.

ஹெட்டைக் கழற்றும் முன்பே கோளாறு எங்கே என்று கண்டுபிடித்துவிடலாம். பிஸ்டனைக் கம்ப்ரஷன் உச்சிக்குக் கொண்டுவந்து, டாப் கியர் போட்டு, பின் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு, பிளக் துளை வழியாகக் காற்றை ஏற்றுங்கள். கார்புரேட்டரில் சீறினால் இன்லெட் வால்வு, சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட், பிரீதர் குழாயில் சீறினால் பிஸ்டன் ரிங். டீகம்ப்ரஸர் கசிகிறதா என்பதையும் முதலிலேயே பார்த்துவிட வேண்டும். கழற்றிய பிறகு வால்வே மீதிக் கதையைச் சொல்லும். பிஸ்டன் தலையில் பிறை வடிவத் தழும்பு இருந்தால் டைமிங் பல்சக்கரப் புள்ளி தப்பியிருக்கலாம். தண்டில் நெடுக்குக் கீறல் இருந்தால் கைடு பிடித்திருக்கிறது. சீட்டில் ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் மெலிந்தும் தடம் விழுந்திருந்தால், தண்டு வளைந்திருக்கும் அல்லது கைடு தேய்ந்திருக்கும்.

‘பேஸ்ட் போட்டு அரைத்தே காலங்காலமாக ஓட்டவில்லையா?’ என்பார்கள். கைடு நல்லபடி இருந்தவரை ஓடியது உண்மை. தேய்ந்த கைடில் தண்டு ஆடும்போது வால்வு ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் போய் அமரும். எத்தனை மணி நேரம் அரைத்தாலும் அது திருந்தாது. சீட் வெட்டும் கருவி கைடு துளையையே அச்சாகப் பிடித்துச் சுழல்வது. அதனால் முதலில் கைடை மாற்றி அளவுக்கு ரீமர் போட வேண்டும். பிறகு சீட்டை 45 டிகிரியில் புதிதாக வெட்ட வேண்டும். லேசாகப் பேஸ்ட் தொடுவது கடைசியில்தான். லேத் செலவு கூடுதல் என்பதும் நியாயமான கவலையே. ஆனால் இரண்டாம் முறை ஹெட்டை இறக்கும் கூலியும் புது வால்வின் விலையும் அந்தக் கணக்கில் சேர வேண்டும்.

இன்னொரு பழி பெட்ரோல் மேல் விழுகிறது. 2000 பிப்ரவரியிலிருந்து நாடு முழுதும் ஈயமில்லாப் பெட்ரோல்தான். ஈயப் படிவு பழைய சீட்டுகளைக் காத்துவந்ததும் மெய்யே. ஆனால் ஈயம் இல்லாததால் வரும் தேய்மானம் சீட்டைச் சுற்றிலும் சீராக, ஆயிரக்கணக்கான கி.மீ. ஓட்டத்தில் இறக்கும், சில மாதத்தில் ஒரே புள்ளியைக் கருக்காது. கடலோரத்தில் அதைவிடக் கவனிக்க வேண்டியது ஈரம். பாகம் வரட்டும் என்று ஜூன் மழையில் பாதி கட்டிய எஞ்சினைப் போட்டுவைக்கும்போது ஒரு வால்வு திறந்தே நின்றால், உப்புக் காற்று உள்ளே புகுந்து சீட்டில் துரு ஏறும். அந்தத் துருக் குழிகள் பின்னாளில் கசிவாகும். பிளக் துளையில் சிறிது எண்ணெய் விட்டு, இரண்டு வால்வும் மூடியிருக்கும் கம்ப்ரஷன் உச்சியில் பிஸ்டனை நிறுத்தி, கார்புரேட்டர் வாயையும் சைலன்சர் வாயையும் துணியால் அடைத்துவைத்தால் அந்த மழைக்காலத்தைச் சீட் தாங்கும்.