திரையில் ஒரு வயல்

கோதுமையை விதைத்து இரண்டே நிமிடங்களில் அறுவடை செய்ய முடியுமா? நிலத்தில் முடியாது. குறுகிய கால நெல் ரகமே நூறு நாட்களுக்கு மேல் கேட்கிறது. ஆனால் கைபேசித் திரையில் இந்த அதிசயம் அன்றாடம் நடக்கிறது. ‘ஹே டே’ என்னும் பண்ணை விளையாட்டில் கோதுமை விளைய 2 நிமிடம், மக்காச்சோளம் விளைய 5 நிமிடம், பூசணி காய்க்க 3 மணி நேரம் போதும். மழை பொய்ப்பதில்லை, பூச்சி விழுவதில்லை, மண்ணில் கால் வைக்கவும் வேண்டியதில்லை.

இத்தகைய விளையாட்டை நீங்களும் தொடங்க எண்ணலாம். வீட்டில் யாராவது ஏற்கெனவே ஆடிக்கொண்டும் இருக்கலாம். எப்படித் தொடங்குவது என்பதோடு, அந்தத் திரைக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பதையும் தெரிந்துகொண்டால் விளையாட்டு உங்கள் கையில் இருக்கும். தெரியாவிட்டால் நீங்கள் அதன் கையில் இருப்பீர்கள்.

பண்ணை திரைக்கு வந்த கதை

1996-ஆம் ஆண்டு ஜப்பானில் ‘ஹார்வெஸ்ட் மூன்’ என்ற விளையாட்டு வெளிவந்தது. தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து ஆடும் ஆட்டம் அது. ஒருவர் தனியாக உழுது, விதைத்து, மாடு வளர்த்துப் பொழுதுபோக்குவார். அண்டை அயலார் என்று உண்மையான மனிதர் எவரும் அதில் இல்லை.

2008-இல் சீனாவில் தோன்றிய ‘ஹேப்பி ஃபார்ம்’ இதை மாற்றியது. சமூக ஊடகத்தில் உள்ள உங்கள் நண்பர்களே அதில் பக்கத்து நிலத்துக்காரர்கள். அவர்கள் தோட்டத்தில் காய் முற்றியிருந்தால் நீங்கள் போய்த் திருடி வரலாம்! நள்ளிரவில் அலாரம் வைத்து எழுந்து, பிறர் காய்கறியைப் பறித்தவர்கள் அந்நாளில் சீனாவில் ஏராளம்.

2009 ஜூன் மாதம் அமெரிக்காவின் சிங்கா நிறுவனம் ஃபேஸ்புக்கில் ‘ஃபார்ம்வில்’ என்னும் ஆட்டத்தை வெளியிட்டது. ஓராண்டு நிறைவதற்குள் அதை மாதந்தோறும் ஆடியவர்களின் எண்ணிக்கை 8 கோடியைத் தாண்டியது. 2010-இல் பல்கேரிய நாட்டின் பிளோவ்திவ் நகர மன்ற உறுப்பினர் ஒருவர், வரவுசெலவுத் திட்டக் கூட்டத்தின் நடுவே ஃபார்ம்வில் மாட்டைக் கறந்துகொண்டிருந்ததற்காக ஒரு குழுவிலிருந்து நீக்கப்பட்டார் என்ற செய்தி உலகெங்கும் பரவியது. 2012-இல் ஃபின்லாந்து நாட்டு சூப்பர்செல் நிறுவனம் ‘ஹே டே’யை வெளியிட்டது. பண்ணை, கணிப்பொறி மேசையிலிருந்து சட்டைப்பைக்கு இடம் மாறியது.

பயிர் எவ்வாறு வளர்கிறது?

நீங்கள் கைபேசியை அணைத்துவிட்டுப் பள்ளிக்குச் செல்கிறீர்கள். அப்போதும் பூசணி வளர்ந்துகொண்டே இருக்கிறதா? இல்லை. அது வளர்வதே இல்லை.

நீங்கள் விதைத்த நொடியில், சர்வர் எனப்படும் அந்த நிறுவனத்தின் மையக் கணிப்பொறி ஒரே ஓர் எண்ணைக் குறித்துக்கொள்கிறது: விதைத்த நேரம். பல கணிப்பொறிகள் நேரத்தை 1970 ஜனவரி 1 தொடங்கிக் கழிந்த நொடிகளின் எண்ணிக்கையாகவே வைத்திருக்கின்றன. நீங்கள் மீண்டும் விளையாட்டைத் திறக்கும்போது, இப்போதைய நேரத்திலிருந்து விதைத்த நேரத்தைக் கழிக்கிறது. விடை 3 மணிக்குக் குறைவானால் இளஞ்செடியின் படம்; 3 மணியோ அதற்கு மேலோ ஆனால் காய்த்த பூசணியின் படம். ஆக, உங்கள் பூசணி என்பது ஒரு கழித்தல் கணக்கு!

கோடிக்கணக்கானோரின் வயல்களைச் சில கணிப்பொறிக் கூடங்கள் எளிதாகச் சமாளிப்பதன் இரகசியம் இதுதான். யாரும் பார்க்காத வயலில் எந்த வேலையும் நடப்பதில்லை. உங்கள் கைபேசிக் கடிகாரத்தை முன்னே தள்ளி வைத்தால் பயிர் சீக்கிரம் விளைந்துவிடுமே என்று சிலர் முயல்வதுண்டு. கணக்கு மையக் கணிப்பொறியின் கடிகாரத்தைக் கொண்டே நடப்பதால் பொதுவாக அந்தத் தந்திரம் பலிப்பதில்லை.

முதல் நாள் வேளாண்மை

விளையாட்டைத் திறந்ததும் ஒரு சிறு நிலம், சில பாத்திகள், கொஞ்சம் விதை, சில கோழிகள் தரப்படும். விரலால் இழுத்து விதைக்க வேண்டும்; விரலால் இழுத்து அறுக்க வேண்டும். ஹே டேயில் ஒரு பாத்தியில் ஒரு கோதுமை விதைத்தால் இரண்டு கிடைக்கும். கணக்கில் ஆர்வமுள்ள மாணவர் உடனே துள்ளி எழுவார்: ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும், பத்துச் சுற்றில் 1,024 ஆகும். இருபதே நிமிடங்களில் ஆயிரம்!

ஆனால் அப்படி நடப்பதில்லை. ஏன்? பாத்திகளின் எண்ணிக்கை அளவானது. உங்களிடம் 6 பாத்திகளும் 6 கோதுமையும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு சுற்றிலும் 6 விதைத்து 12 எடுப்பீர்கள்; மிகுவது 6. பத்துச் சுற்றுக்குப் பின் இருக்க வேண்டியது 66. அதையும் முழுதாகச் சேர்க்க முடியாது. தொடக்கத்தில் கொடுக்கப்படும் தானியக் குதிர் 50 மட்டுமே கொள்ளும். இரட்டிப்பாகப் பெருகும் எதையும் இடமும் கொள்ளளவும் தடுத்து நிறுத்துகின்றன என்பது இயற்கையிலும் உள்ள விதி. ஒரு குவளைப் பாலில் பெருகும் நுண்ணுயிரிகளுக்கும் இதுவே கதி.

ஆகவே முதல் நாளில் மூன்று நெறிகளை நினைவில் வையுங்கள். ஒன்று, விதைக் கோதுமை முழுவதையும் விற்றோ அரைத்தோ தீர்த்துவிடாதீர்கள். இரண்டு, ஒன்றை விற்குமுன் அது வேறு எதற்கு வேண்டும் என்று பாருங்கள். 2 கோதுமையும் 1 மக்காச்சோளமும் சேர்ந்தால் கோழித்தீவனம் 3 கிடைக்கும், தீவனம் முட்டையாகும், 3 கோதுமை ஒரு ரொட்டியாகும். மூன்று, குதிர் நிரம்புமுன் செலவிடுங்கள்; அல்லது அதை விரிவாக்குங்கள்.

எந்தப் பயிர் இலாபம்?

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் நாம் வசதிக்காக வைத்துக்கொண்டவை. ‘அ’ என்ற பயிர் 4 மணி நேரத்தில் விளைந்து 10 நாணயம் இலாபம் தருகிறது. ‘ஆ’ என்ற பயிர் 24 மணி நேரத்தில் விளைந்து 36 நாணயம் தருகிறது. எது நல்லது?

மணிக்கணக்கில் பார்த்தால் ‘அ’ தருவது இரண்டரை நாணயம். ‘ஆ’ தருவது ஒன்றரை. எனவே ‘அ’தான் இலாபம் என்று தோன்றும். ஆனால் அந்த இலாபத்தைப் பெற நீங்கள் ஒரு நாளில் ஆறு முறை, இரவிலும் எழுந்து, அறுவடை செய்தாக வேண்டும். நீங்கள் காலை 6 மணிக்கும் மாலை 6 மணிக்கும் மட்டுமே விளையாட்டைத் திறப்பவரானால், ‘அ’ உங்களுக்குத் தருவது நாளொன்றுக்கு 20 நாணயம்தான். ‘ஆ’வோ 36 தருகிறது!

எனவே பயிருக்கேற்ப உங்கள் நாளை வளைக்காதீர்கள். உங்கள் நாளுக்கேற்பப் பயிரைத் தேர்ந்தெடுங்கள். பாடமும் வேலையும் முடிந்தபின் கிடைக்கும் நேரத்தை முதலில் முடிவு செய்யுங்கள். அதற்குப் பொருந்தும் பயிரே உங்களுக்கு ஏற்ற பயிர்.

அண்டை வீட்டார்

இந்த விளையாட்டுகளில் தனியாக முன்னேறுவது மெதுவாகவே நடக்கும். ஹே டேயில் பல முறை பழம் தந்த மரம் பட்டுப்போகும். நண்பர் வந்து உதவினால் மீண்டும் ஒரு முறை காய்க்கும். உதவி பெற்றவருக்குத் திருப்பி உதவ வேண்டும் என்ற கடன் உணர்வு எழுவது இயல்பு. அந்த நல்லுணர்வே உங்களை மறுநாளும் அங்கே வரவழைக்கிறது.

சில ஆட்டங்கள் உங்கள் ஃபேஸ்புக் கணக்கின் வழியாக நுழையச் சொல்லும். அந்தக் கணக்கு வைத்துக்கொள்ளக் குறைந்தது 13 வயது ஆகியிருக்க வேண்டும். இணைக்கும்போது எந்தெந்த விவரங்களைக் கேட்கிறது என்று படித்துப் பாருங்கள். ஃபார்ம்வில் உட்படப் புகழ்பெற்ற பல ஃபேஸ்புக் செயலிகள் ஆடுபவரின் அடையாள எண்ணை வெளி நிறுவனங்களுக்குக் கடத்தின என்று 2010 அக்டோபரில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழ் வெளிப்படுத்தியது. பக்கத்து வயல்காரர் யாரென்று தெரியாதபோது ஊர், பள்ளி, கைபேசி எண் ஆகியவற்றைச் சொல்லாமல் இருப்பதே நலம்.

இரண்டு வகைப் பணம்

இவ்வகை ஆட்டங்களில் பெரும்பாலும் இரண்டு செலாவணிகள் உண்டு. ஒன்று, உழைத்தால் கிடைக்கும் நாணயம். மற்றொன்று, அரிதாகக் கிடைப்பது. உண்மைப் பணம் கொடுத்தும் வாங்கலாம். ஹே டேயில் அது வைரம். வைரம் கொடுத்தால் காத்திருக்க வேண்டாம். பண்டம் உடனே தயாராகும். முதலில் காத்திருப்பை உண்டாக்கி, பிறகு அதிலிருந்து விடுதலையை விற்பதுதான் இந்த வணிகம்.

வைரத்தில் விலை சொல்லும்போது ரூபாய் கண்ணில் படுவதில்லை. 2010-இல் இங்கிலாந்தில் 12 வயதுச் சிறுவன் ஒருவன் ஃபார்ம்வில் ஆட்டத்தில் தன் சேமிப்பையும் தாயின் கடன் அட்டையையும் கொண்டு 900 பவுண்டுக்கு மேல் செலவிட்டுவிட்டான். அவன் திருட நினைத்திருக்க மாட்டான். அவன் கண்ணுக்கு அது விளையாட்டுப் பணமாகவே தெரிந்திருக்கும். எனவே விளையாட்டைத் தொடங்கும் அன்றே, கடவுச்சொல் இன்றிப் பணம் செலுத்த முடியாதபடி கைபேசியில் தடை வையுங்கள். வீட்டாரின் வங்கி அட்டையைச் செயலிக் கடையில் பதிந்து வைக்காதிருப்பது இன்னும் நல்லது. மாணவர்கள் இதைப் பெரியவர்களிடம் தாங்களே சொல்லிச் செய்துகொள்ளலாம்.

மனம் ஏன் அங்கே ஓடுகிறது?

1979-இல் கானெமான், ட்வெர்ஸ்கி என்ற இரு உளவியல் அறிஞர்கள் ஒரு கருத்தை வெளியிட்டார்கள். நூறு ரூபாய் கிடைக்கும் மகிழ்ச்சியைவிட நூறு ரூபாய் தொலையும் வருத்தம் பெரிது என்பது அதன் சாரம். ஃபார்ம்வில்லில் குறித்த காலத்தில் அறுக்காத பயிர் வாடிவிடும். அந்த இழப்புக்கு அஞ்சியே பலர் ஓடி வந்தனர்.

அமெரிக்க அறிஞர் ஸ்கின்னர் புறாக்களைக் கொண்டு செய்த ஆய்வுகள் மற்றொன்றைக் காட்டின. ஒரு பொத்தானைக் கொத்தினால் எப்போது தீனி விழும் என்று தெரியாதபடி வைத்தால், புறா அலுக்காமல் கொத்திக்கொண்டே இருக்கும். விளையாட்டில் வரும் அதிர்ஷ்டச் சக்கரமும் மர்மப் பெட்டியும் இதே வகையைச் சேர்ந்தவை.

இதை நையாண்டி செய்ய 2010 ஜூலையில் அமெரிக்கப் பேராசிரியர் இயன் போகோஸ்ட் ‘கவ் கிளிக்கர்’ என்ற ஆட்டத்தைச் செய்தார். அதில் ஒரு மாட்டின் படம் இருக்கும். ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை அதை அழுத்தலாம், வேறொன்றும் இல்லை. வேடிக்கைக்காகச் செய்த அதையும் 50,000-க்கும் மேற்பட்டவர்கள் ஆடினார்கள். 2011 செப்டம்பரில் அவர் மாடுகளை எல்லாம் மறைத்துவிட்டார். அதன் பிறகும் சிலர் மாடு நின்ற வெற்றிடத்தை அழுத்திக்கொண்டிருந்தார்கள்!

இதற்கு எளிய மாற்று உண்டு. விளையாட்டின் அறிவிப்புகளை அணைத்து வையுங்கள். அது உங்களை அழைக்கக் கூடாது. நீங்கள்தான் அதனிடம் போக வேண்டும். திறக்குமுன் எத்தனை நிமிடம் என்று தீர்மானியுங்கள். ஒரு வாரம் அந்த நிமிடங்களை ஒரு தாளில் குறித்து வாருங்கள். ஏழாம் நாள் கூட்டிப் பாருங்கள். அந்தக் கூட்டுத்தொகை எந்த அறிவுரையையும்விட நன்றாகப் பேசும்.

இந்த வயல் யாருடையது?

ஃபார்ம்வில் ஆட்டம் ஃபிளாஷ் என்ற மென்பொருளின் மேல் எழுப்பப்பட்டது. அதை வழங்கிவந்த அடோபி நிறுவனம் 2020-ஆம் ஆண்டு இறுதியோடு ஃபிளாஷுக்கான ஆதரவை நிறுத்தியது; ஃபேஸ்புக்கும் நிறுத்தியது. 2020 டிசம்பர் 31 அன்று ஃபார்ம்வில் மூடப்பட்டது. பதினோரு ஆண்டுகள் உழுத நிலங்கள், வளர்த்த மரங்கள், காசு கொடுத்து வாங்கிய அலங்காரங்கள் யாவும் ஒரே நாளில் இல்லாமற் போயின. பட்டா யார் பெயரிலும் இருக்கவில்லை. அவை நிறுவனத்தின் கணிப்பொறியில் இருந்த எண்கள் மட்டுமே.

ஆடவே கூடாது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. கோலமும் மறுநாள் அழிகிறது. போடும் மகிழ்ச்சி அதனால் குறைந்துவிடுவதில்லை. திட்டமிடுதல், சேமித்தல், ஒரு பொருளிலிருந்து இன்னொன்றை ஆக்குதல் ஆகியவற்றுக்கு இந்த ஆட்டம் நல்ல பயிற்சி. ஆனால் நிலத்தில் பாடுபடும் உழவரின் மழைக்கவலையும் விலைக்கவலையும் கடன்கவலையும் அதில் இல்லை என்பதையும், அதில் உண்மையாகவே செலவாவது உங்கள் நேரம் என்பதையும் மறவாதீர்கள். அறுவடை இரண்டு நிமிடம் தாமதித்தால் பூசணி அழுகிவிடாது. ஹே டேயில் விளைந்த பயிர் வாடுவதே இல்லை, அது காத்திருக்கும். நாளைக்குரிய தேர்வு காத்திராது.