நீச்சல்குளத்தில் ஏன் தண்ணீர் இல்லை?

செப்டம்பர் மாதம். கரீபியன் கடலில் ஒரு சொகுசுக் கப்பல் போய்க்கொண்டிருக்கிறது. வானத்தில் ஒரு துண்டு மேகம்கூட இல்லை; வெயில் சுள்ளென்று அடிக்கிறது. நீச்சல் உடையோடு மேல்தளத்துக்கு ஓடி வந்த ஒரு சிறுமி அப்படியே நின்றுவிடுகிறாள். குளத்தில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அதன் மேல் வலையை இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். ஊழியர்கள் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கயிறு போட்டு இறுக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

புயல் எங்கே இருக்கிறது? ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால். சென்னையிலிருந்து பறந்து போனால் மும்பை எவ்வளவு தூரமோ, கிட்டத்தட்ட அவ்வளவு தூரம். அதற்காக இங்கே ஏன் குளத்தை வற்ற வைக்க வேண்டும்?

புயல்காற்று கடலை அடித்து எழுப்பும் அலைகள் பிறந்த இடத்திலேயே அடங்கிவிடுவதில்லை. குட்டை அலைகள் சீக்கிரம் ஓய்ந்துவிடும். நீண்ட அலைகள் ஓயாமல் நெடுந்தூரம் பயணம் செய்யும். 12 நொடிக்கு ஒருமுறை முகடு தூக்கும் அலைக்கூட்டம் ஆழ்கடலில் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் நகரும். வெப்பமண்டலத்தில் புயலோ பெரும்பாலும் மணிக்கு 15 முதல் 25 கிலோமீட்டர்தான் நகரும். அதனால் புயலுக்கு முன்பே அதன் அலை வந்து சேர்ந்துவிடுகிறது. கன்னியாகுமரிக் கரையிலும் கேரளக் கரையிலும் இருப்பவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். காற்றே இல்லாத நாளில் கடல் திடீரென்று பொங்கி வாசல்வரை வரும். தெற்கே, பெருங்கடலின் கோடியில் எங்கோ அடித்த புயல் அனுப்பிய அலை அது. திருடன் மாதிரி சொல்லாமல் வருவதால் அதற்குக் கள்ளக்கடல் என்று பெயர்.

கப்பல் அந்த அலையில் மெல்ல மெல்லச் சாய்ந்து நிமிரும்போது குளத்துத் தண்ணீரும் கூடவே ஆடும். குடத்தில் தண்ணீர் எடுத்து நடந்திருக்கிறீர்களா? நம் நடையின் தாளமும் தண்ணீர் தளும்பும் தாளமும் ஒன்றாகிவிட்டால் பாதித் தண்ணீர் நம் சட்டையில்தான். தளும்பாமல் இருக்க ஒரு கொத்து இலையை மேலே போட்டுக் கொண்டுவருவார்கள். கப்பல் குளத்தில் இருப்பது பல ஆயிரம் குடம் தண்ணீர். கப்பலின் தாளத்தோடு அது சேர்ந்துகொண்டால், குளிப்பவரைத் தூக்கி விளிம்பில் அறையும் பலம் அதற்கு உண்டு. அதனால்தான் குளத்தை முதலிலேயே காலி செய்துவிடுகிறார்கள்.

இனி அந்தப் புயலைப் பார்ப்போம். அட்லாண்டிக் பக்கத்தில் அதற்கு ஹரிகேன் என்று பெயர். அந்தச் சொல் நம் வீடுகளுக்குள் எப்போதோ வந்துவிட்டது. தாத்தா வீட்டுப் பரணில் கண்ணாடிக் கூண்டோடு ஒரு அரிக்கேன் விளக்கு இருக்கிறதா, பாருங்கள். பலத்த காற்றிலும் அணையாத விளக்கு என்பதால் அதற்கு அந்தப் பெயர்.

அட்லாண்டிக்கில் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை சூறாவளிக் காலம். செப்டம்பர் 10ஆம் தேதியை ஒட்டி அது உச்சத்தில் இருக்கும். கோடை முழுக்கக் காய்ந்த கடல் அப்போதுதான் நன்றாகச் சூடேறியிருக்கும். கடலின் மேற்பரப்பு ஏறக்குறைய 26.5 டிகிரி செல்சியஸ் இருந்தால்தான் சூறாவளிக்குத் தீனி. இட்லிப் பானையைத் திறக்கும்போது ஆவி கையில் பட்டால் எப்படிச் சுரீர் என்கிறது! ஆவி மறுபடி தண்ணீராக மாறும்போது, ஆவியாவதற்கு வாங்கிக்கொண்ட வெப்பத்தையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. அதுதான் கையைச் சுடுகிறது. கடலிலிருந்து எழுந்த நீராவி மேலே போய் மேகமாகும்போதும் இதே கதைதான். வெளிவந்த வெப்பம் காற்றை இன்னும் மேலே தூக்கும்; கீழே காற்றழுத்தம் குறையும்; சுற்றிலுமிருந்து காற்று ஓடி வரும். பூமி சுழல்வதால் அது நேராக வர முடியாமல் வளைந்து சுற்றத் தொடங்கும். பூமியின் வடபாதியில் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும். வேகம் மணிக்கு 119 கிலோமீட்டரைத் தொட்டால் அது சூறாவளி. 252 கிலோமீட்டரைத் தொட்டால் 5ஆம் வகை. அதற்கு மேல் வகை கிடையாது.

புயல் சுற்றுகிறது என்று காட்டிய ஆதாரங்களில் முக்கியமானவை கப்பல்களின் குறிப்பேடுகள். கல்கத்தாவில் ஹென்றி பிடிங்டன் என்பவர், வங்கக் கடலில் புயலில் சிக்கி மீண்ட கப்பல்களின் குறிப்பேடுகளை வாங்கி, எந்த நேரத்தில் எந்தத் திசைக் காற்று அடித்தது என்று ஒவ்வொன்றாகப் படத்தில் குறித்துப் பார்த்தார். சுருண்டு கிடக்கும் பாம்பு போல இருந்தது. கிரேக்கச் சொல்லிலிருந்து சைக்ளோன் என்ற பெயரை 1840களில் உருவாக்கியவர் அவர்தான். இன்று உலகமே சொல்லும் அந்தச் சொல் நம் வங்கக் கடல் புயல்களைப் பார்த்துப் பிறந்தது!

சுற்றும் புயலுக்கு இரண்டு பக்கம் உண்டு. ஓடும் ரயிலுக்குள், ரயில் போகும் திசையிலேயே நீங்கள் ஓடினால் உங்கள் வேகமும் ரயிலின் வேகமும் சேர்ந்துகொள்ளும். எதிர்த்திசையில் ஓடினால் கழியும். புயல் சுற்றிக்கொண்டே நகரவும் செய்கிறது அல்லவா? வடபாதியில், அது போகும் திசைக்கு வலப்புறம் இரண்டு வேகமும் கூடும், இடப்புறம் கழியும். மாலுமிகள் வலப்புறத்தை ஆபத்தான அரைவட்டம் என்பார்கள். அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது என்பது கப்பல் பள்ளியின் பாலபாடம்.

புயல் வந்தால் கப்பல் கரைக்குத்தானே ஓடி வர வேண்டும்? நானும் சிறுவயதில் அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மை நேர்மாறானது. கரையில் கட்டிய கப்பலைப் புயல் தூக்கித் தூக்கித் துறைமுகச் சுவரில் மோதும், கயிறுகள் அறும். அதனால் பெரிய கப்பல்கள் புயலுக்கு முன்பே துறைமுகத்தை விட்டுக் கடலுக்குள் போய்விடுகின்றன. நம் ஊரில் புயல் எச்சரிக்கைக் கூண்டு 1 முதல் 11 வரை ஏற்றுவதைச் செய்தியில் கேட்டிருப்பீர்கள். அமெரிக்கத் துறைமுகங்களில் எண்ணுக்குப் பதில் எழுத்து. W, X, Y, Z எழுத்துகளைக் குறிக்கும் விஸ்கி, எக்ஸ்ரே, யாங்கி, ஸூலு என்று நான்கு படிகள். 12 மணி நேரத்துக்குள் பலத்த காற்று வரும் என்றால் ஸூலு. அப்போது துறைமுகத்தை மூடிவிடுவார்கள்.

2017 ஆகஸ்டில் ஹார்வி சூறாவளி டெக்சாஸைத் தாக்கியபோது கால்வெஸ்டன் துறைமுகம் மூடப்பட்டது. விடுமுறை முடிந்து அங்கே திரும்ப வேண்டிய கப்பல்கள் கடலிலேயே சுற்றிக்கொண்டிருந்தன. திங்கட்கிழமை பள்ளிக்குப் போக வேண்டிய பிள்ளைகளும் அவற்றில் இருந்திருப்பார்கள்.

பொதுவாகக் கப்பல் தப்பிவிடும். அதன் வேகம் மணிக்கு ஏறக்குறைய 40 கிலோமீட்டர். புயலுக்கு அதில் பாதிதான். கிழக்குத் தீவுகளான செயின்ட் தாமஸுக்கும் செயின்ட் மார்ட்டினுக்கும் போக வேண்டிய கப்பல், மேற்கே மெக்சிகோவின் கோசுமெலுக்குத் திரும்பிவிடும். கிராண்ட் கேமன் தீவில் இடுப்பளவு தண்ணீரில் நின்று திருக்கை மீன்களைத் தடவிப் பார்க்கலாம் என்று ஆசையோடு வந்த குழந்தைக்கு அழுகை வரத்தான் செய்யும். அங்கே பெரிய கப்பல் ஒட்டி நிற்கத் துறை கிடையாது. சிறு படகில்தான் கரைக்குப் போக வேண்டும். அலை கொஞ்சம் தூக்கினாலே அந்தத் தீவு ரத்து. இதற்கெல்லாம் இடம்வைத்துத்தான் பயணச்சீட்டில் நிபந்தனை எழுதியிருப்பார்கள்.

ஆனால் எந்தப் பக்கம் விலகுவது? இதுதான் உயிர்நிலையான கேள்வி. தவறினால் என்ன ஆகும் என்பதை ஃபாண்டோம் என்ற கப்பலின் கதை சொல்கிறது. வருத்தமான கதைதான், ஆனால் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது.

ஃபாண்டோம் நான்கு பாய்மரங்கள் கொண்ட அழகான கப்பல். சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு தீவு தீவாகப் போகும். 1998 அக்டோபரில் மிட்ச் என்ற சூறாவளி கரீபியன் கடலில் 5ஆம் வகையாக வளர்ந்தது. காற்று மணிக்கு 285 கிலோமீட்டர். கப்பல்தலைவர் பெலீஸ் நகரில் பயணிகள் எல்லோரையும் இறக்கிவிட்டார். அதுவரை எல்லாம் சரி. புயல் வடமேற்கே திரும்பும் என்பது கணிப்பு. ஆகவே கப்பல் தெற்கே போய், ஹோண்டுராஸ் கடற்கரைக்கு எதிரே உள்ள ரோட்டான் தீவின் மறைவில் ஒதுங்கப் பார்த்தது. மிட்ச் வடக்கே திரும்பவில்லை. தெற்கே இறங்கி, கப்பல் ஒதுங்கிய பக்கமே வந்தது. அக்டோபர் 27 மாலைக்குப் பிறகு ஃபாண்டோமிடமிருந்து ஒரு குரலும் வரவில்லை. கப்பலில் இருந்த 31 மாலுமிகளில் ஒருவர்கூடத் திரும்பவில்லை.

அன்று மாலுமிகளுக்கு மூன்று நாள் கணிப்புதான் கிடைத்தது. மயாமியில் உள்ள தேசியச் சூறாவளி மையம் ஐந்து நாள் கணிப்பைத் தரத் தொடங்கியது 2003இல். கணிப்பில் வரும் பிழையும் 1998இல் இருந்ததில் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. செயற்கைக்கோளும் பெரிய கணினிகளும் மட்டும் இதற்குக் காரணமில்லை. புயலுக்குள்ளேயே விமானத்தை ஓட்டிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட இரண்டு விமானங்களுக்குக் கெர்மிட், மிஸ் பிக்கி என்று பொம்மலாட்டப் பாத்திரங்களின் பெயர்! புயலுக்கு நடுவே விமானத்திலிருந்து கைநீளக் குழாய் ஒன்றைக் கீழே போடுவார்கள். சின்னப் பாராசூட்டில் ஆடி ஆடி இறங்கும் அந்தக் குழாய், அழுத்தம், வெப்பம், ஈரப்பதம், காற்றின் வேகம் எல்லாவற்றையும் வானொலியில் சொல்லிக்கொண்டே போய்க் கடலில் விழுந்து மூழ்கிவிடும். அது திரும்பி வராது. அது சொன்ன எண்கள் மட்டும் வந்து சேரும்.

அந்த எண்களை வைத்துச் செய்த கணிப்பு, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை கப்பலுக்கு வரும். மாலுமிகளிடம் 1-2-3 என்று ஒரு விதி உண்டு. உங்கள் கவராயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புயல் நாளை எங்கே இருக்கும் என்று கணித்திருக்கிறார்களோ அங்கே முள்ளை ஊன்றி, 100 கடல் மைல் ஆரத்தில் ஒரு வட்டம். நாளை மறுநாளுக்கு 200. மூன்றாம் நாளுக்கு 300. ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர், மூன்றாவது வட்டத்தின் ஆரம் ஏறக்குறைய 556 கிலோமீட்டர் வந்துவிடும்! பலத்த காற்று வீசும் தூரத்தையும் அதோடு கூட்டிக்கொள்ள வேண்டும். அந்த வட்டங்களுக்குள் கப்பல் போகக் கூடாது. கணிப்பு தவறக்கூடும் என்பதற்கே ஒரு அளவு வைத்து, அதை வட்டமாக வரைந்திருக்கிறார்கள் பாருங்கள். எனக்கு மிகவும் பிடித்த விதி இது.

எச்சரிக்கை குறைந்தால் பெரிய கப்பலும் பாடுபடும். 2016 பிப்ரவரியில் ஆந்தம் ஆஃப் த சீஸ் என்ற கப்பல் நியூ ஜெர்சியிலிருந்து புளோரிடாவுக்குக் கிளம்பியது. ஹட்டராஸ் முனைக்கு அப்பால், எதிர்பார்த்ததைவிட வேகமாக வலுத்துவிட்ட குளிர்காலப் புயலில் மாட்டிக்கொண்டது. 9 மீட்டருக்கு மேல் எழுந்த அலைகள். பயணிகள் அறையை விட்டு வெளியே வராமல் மணிக்கணக்கில் கட்டிலைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள். கப்பல் பாதியில் திரும்பிவிட்டது. உயிர்ச்சேதம் இல்லை. அடுத்த ஆண்டே அந்தக் கப்பலின் நிறுவனம் தனக்கென்று ஒரு தலைமை வானிலை ஆய்வாளரை வேலைக்கு எடுத்தது.

அது ஏன் கவிழவில்லை? தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையை நினைத்துக்கொள்ளுங்கள். இயந்திரம், எண்ணெய், தண்ணீர்த் தொட்டி எல்லாம் கப்பலின் அடியில். மேல்தளங்களைக் கூடியவரை இலேசாகக் கட்டுகிறார்கள். சாய்த்தால் நிமிரும். ஆனால் காற்றுக்கு அது பெரிய பாய் போல. ஓயாசிஸ் ஆஃப் த சீஸ் என்ற கப்பல் தண்ணீருக்கு மேலே 72 மீட்டர் நிற்கிறது. தண்ணீருக்குக் கீழே 9 மீட்டருக்குச் சற்று மேல், அவ்வளவுதான். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். அதனால் கடும்புயலில் கப்பல்தலைவர் பக்கவாட்டைக் காட்டாமல் காற்றுக்கு நேராக மூக்கைத் திருப்பி நிறுத்தப் பார்ப்பார். உங்களுக்கு என்றாவது கப்பலில் வயிற்றைப் புரட்டினால், கீழ்த்தளத்தில் நட்டநடுவே போய் உட்காருங்கள். ஏற்றப்பலகையின் நடுவில் உட்கார்ந்தவர் ஆடுவதில்லையே, அதே கணக்கு.

கப்பலுக்கு விலகிப் போக வழி இருக்கிறது. தீவுக்கு இல்லை. 2017 செப்டம்பர் 20 அன்று மரியா சூறாவளி போர்ட்டோ ரிக்கோவைத் தாக்கியபோது தீவு முழுக்க மின்சாரம் போய்விட்டது. சில நாளில் அட்வென்ச்சர் ஆஃப் த சீஸ் என்ற சுற்றுலாக் கப்பல் சான் ஹுவான் துறைமுகத்துக்கு வந்தது. செப்டம்பர் 30 அன்று அதில் கிளம்ப வேண்டியவர்களின் விடுமுறைப் பயணத்தை ரத்து செய்திருந்தார்கள். அவர்களுக்குப் பதிலாகத் தீவுக்காரர்கள் ஏறினார்கள். பிறகு செயின்ட் தாமஸிலும் செயின்ட் குரோயிலும் இன்னும் பலர். கையில் மூட்டை முடிச்சு, இடுப்பில் குழந்தை. அக்டோபர் 3 அன்று ஃபோர்ட் லாடர்டேல் போய்ச் சேர்ந்தபோது கப்பலில் ஏறக்குறைய 3,800 பேர். ஒரு வாரமாக இருட்டில் கிடந்த பிள்ளைகள் அந்தக் கப்பல் அறைக்குள் நுழைந்து சுவிட்சைத் தட்டினால், விளக்கு எரிந்தது.