எ போடணுமா? தி போடணுமா?



இங்கிலீஷ் பரீட்சையில் கோடிட்ட இடம் வந்தாலே நம்மில் பலர் இங்க்கி பிங்க்கி போட்டுத்தான் 'எ', 'ஆன்', 'தி' எழுதுறோம். இனி அது வேண்டாம். முக்கால்வாசி வழி நம்ம தமிழிலேயே இருக்கு!

1. எ, ஆன்: தமிழில் 'ஒரு வீடு' என்கிறோம். உயிரெழுத்து வந்தால் 'ஓர் ஊர்' என்று எழுதுகிறோம். அதே மாதிரிதான் 'எ ஹவுஸ்', 'ஆன் ஆப்பிள்'. ஆனால் ஆங்கிலத்தில் எழுத்தைப் பார்க்காதீங்க, ஒலியைக் கேளுங்க. மணி நேரத்தைக் குறிக்கும் 'அவர்' என்ற சொல்லின் முதல் எழுத்து 'எச்'. அது ஒலிக்காது. அதனால் 'ஆன் அவர்'. 'யுனிவர்சிட்டி'யின் முதல் எழுத்து உயிரெழுத்து. ஆனால் காதில் விழுவது 'ய்' ஒலி. அதனால் 'எ யுனிவர்சிட்டி'.

2. தி: கடையில் "ஒரு பேனா கொடுங்க" என்றால் எந்தப் பேனாவும் சரி, அது 'எ பென்'. வாங்கிய பிறகு "அந்தப் பேனா எழுதலை" என்றால் எதுன்னு கடைக்காரருக்கும் தெரியும், அது 'தி பென்'. 'தி சன்', 'தி மூன்' என்பதும் இப்படித்தான். எதைச் சொல்றோம்னு எல்லாருக்கும் தெரியும்.

3. தமிழ் கைவிடும் இடம்: 'அவர் டாக்டர்' என்பதில் 'ஒரு' கிடையாது. ஆங்கிலத்தில் 'ஹீ இஸ் எ டாக்டர்' என்றே எழுத வேண்டும். மார்க் போவது பெரும்பாலும் இங்கேதான்!

4. ஒன்று போதும்: 'மை', 'யுவர்', 'திஸ்' வந்துவிட்டால் 'எ', 'தி' வேண்டாம். 'தி மை புக்' தப்பு.

5. ஃபியூ: 'எ ஃபியூ ஃபிரண்ட்ஸ்' என்றால் சில நண்பர்கள் உண்டு. 'ஃபியூ ஃபிரண்ட்ஸ்' என்றால் அநேகமா யாருமே இல்லை! ஓர் எழுத்தால் நட்பே போச்சு.

நிலவில் தொலைந்த 'எ'!

1969 ஜூலையில் நிலவில் கால் வைத்த நீல் ஆம்ஸ்ட்ராங், ஒரு மனிதனுக்கு இது சின்ன அடி, மனிதகுலத்துக்குப் பெரிய பாய்ச்சல் என்று சொல்ல நினைத்தார். அதற்கு 'ஃபார் எ மேன்' என்று வரணும். ஒலிப்பதிவில் அந்த 'எ' தெளிவாகக் கேட்கவில்லை. 'எ' இல்லாத 'மேன்' மனிதகுலத்தையே குறிக்கும். அப்போ ஒரே ஆளுக்கு சின்ன அடியும் பெரிய பாய்ச்சலும் என்றாகிவிடுகிறதே! 2006இல் கணினியில் ஆராய்ந்த ஒருவர் 'எ' இருக்கிறது என்றார். வேறு சிலர் அதை ஏற்கவில்லை. ஓர் எழுத்துக்கு இவ்வளவு மதிப்பு!

இப்ப நீங்க நிரப்புங்க:
(அ) ___ அம்பிரெல்லா (ஆ) ___ யூனிஃபார்ம் (இ) ___ எம்.எல்.ஏ.

விடை: ஆன், எ, ஆன். மூன்றும் சரியா? சபாஷ்!