குடும்ப விசா: யாரிடம் ஆலோசனை கேட்கிறோம்?



ஞாயிறு திருப்பலிக்கு முன் வாசிக்கப்படும் திருப்பலிக் கருத்துகளைக் கவனித்துப் பார்த்தால், இறந்தோரின் ஆன்ம இளைப்பாற்றிக்கு அடுத்தபடியாக நம் காதில் அடிக்கடி விழுவது வெளிநாட்டுப் பயணம்தான். ‘விசா நல்லபடியாகக் கிடைக்க’, ‘மகள் கணவரோடு போய்ச் சேர’ என்று எழுதிக் கொடுக்கிறார்கள். வேளாங்கண்ணியில் அன்னையின் பாதத்தில் பாஸ்போர்ட்டை வைத்து எடுத்துச் செல்பவர்களும் உண்டு. செபிப்பது நல்லது. ஆனால் அந்த விண்ணப்பத்தை நிரப்பியவர் யார், அவர் அந்த வேலையை எங்கே கற்றார், தவறு நேர்ந்தால் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்று நம்மில் பலர் கேட்பதே இல்லை. இவ்வாரம் அதைக் குறித்துச் சிந்திப்போம்.

தரங்கம்பாடிக்குக் கடல் கடந்த தொடர்பு புதியது அன்று. 1620ஆம் ஆண்டில் தஞ்சை இரகுநாத நாயக்கரின் இசைவோடு டேனியர் இங்கே கோட்டை கட்டினார்கள். 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். பொறையாற்றைத் தாண்டி நண்டலாற்றைக் கடந்தால் காரைக்கால். 1954 வரை அது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர். இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் வளைகுடாவிலும், சிங்கப்பூரிலும், மலேசியாவிலும், ஐரோப்பாவிலும் இருக்கிறார்கள். கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேராத ஆண்டுகளில் பல வீடுகளுக்கு உலை வைத்தது வெளிநாட்டுப் பணம்தான். அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இரண்டு மாதம் வந்து போகும் தகப்பனைத் தொலைபேசிக் குரலாக மட்டும் அறிந்த குழந்தைகளும் இதே தெருக்களில்தான் வளர்கிறார்கள். அதனால்தான் ‘குடும்ப விசா’ என்ற சொல்லைக் கேட்டதும் நகையை அடகு வைத்தாவது பணம் கட்டத் துணிகிறோம்.

முதலில் ஓர் உண்மையைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். எல்லாருக்கும் குடும்ப விசா கிடையாது. சிங்கப்பூரில் ‘ஒர்க் பெர்மிட்’டில் வேலை செய்பவர் மனைவி மக்களைத் தம்மோடு தங்க வைக்க அந்நாட்டுச் சட்டம் இடம் தருவதில்லை. ‘எஸ் பாஸ்’, ‘எம்ப்ளாய்மென்ட் பாஸ்’ உள்ளவர்கள்கூட மாதம் 6,000 சிங்கப்பூர் வெள்ளி நிலையான சம்பளம் காட்ட வேண்டும். குவைத் நாடு 2024இல் குடும்ப விசாவை மீண்டும் திறந்தபோது மாதம் 800 தினார் சம்பளம் வேண்டும் என்றது. ஐக்கிய அரபு அமீரகத்தில் 2019இல் வந்த விதிப்படி 4,000 திர்ஹாம், அல்லது தங்குமிடத்தோடு 3,000 திர்ஹாம். பிரிட்டனில் முதியோர் பராமரிப்புப் பணிக்குப் போனவர்கள் குடும்பத்தை அழைத்துச் செல்லும் வழி 2024 மார்ச் 11ஆம் நாளோடு அடைக்கப்பட்டது. 2025 ஜூலை 22 முதல் அந்தப் பணிக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதும் நின்றுபோனது. பிரிட்டனில் குடியுரிமையோ நிரந்தர உரிமையோ உள்ளவர் தம் மனைவியை அழைக்க, 2024 ஏப்ரல் 11 முதல் ஆண்டுக்கு 29,000 பவுண்டு வருமானம் காட்ட வேண்டும்.

இந்த எண்கள் அடிக்கடி மாறுபவை. விண்ணப்பிக்கும் நாளில் அந்த நாட்டு அரசின் இணையதளத்தில் உள்ளதுதான் கணக்கு. ஆனால் ஒன்று மாறாது: சட்டம் அடைத்த கதவை எந்த ஏஜென்டாலும் திறக்க முடியாது. ‘உள்ளே ஆள் இருக்கிறார்கள், முடித்துத் தருகிறேன்’ என்பவர் நம் பணத்தைத்தான் முடிப்பார்.

அடுத்து, நம் ஊர்க் கடைத்தெருவில் டிராவல்ஸ் அலுவலகங்களின் சுவரில் தொங்கும் உரிமம். 1983ஆம் ஆண்டு குடியகல்வுச் சட்டத்தின்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பவர் நடுவண் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். அவர் தொழிலாளியிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்திற்கு 30,000 ரூபாயும் வரியும் என்ற உச்சவரம்பும் உண்டு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது வேலைக்கு ஆள் அனுப்புவதற்கான உரிமம். மனைவிக்கும் குழந்தைக்கும் விசா ஆலோசனை சொல்லும் தகுதியை அந்தத் தாள் தருவதில்லை. இங்கே குடும்ப விசாவுக்கு ஆலோசனை சொல்ல இந்தத் தேர்வில் தேறியிருக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் எதையும் கேட்பதில்லை. நேற்று வரை பேருந்து டிக்கெட் போட்டவர் இன்று ‘இமிக்ரேஷன் கன்சல்டன்ட்’ என்று பலகை வைத்துவிடலாம்.

பிற நாடுகளில் நிலைமை வேறு. பிரிட்டனில் 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி, வழக்கறிஞர் அல்லாத ஒருவர் பதிவின்றிக் குடியேற்ற ஆலோசனை சொல்வதே குற்றம். ஆலோசகர்கள் மூன்று படிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளனர். முதல் படியினர் சிக்கலில்லாத விண்ணப்பங்களை மட்டும் கையாளலாம். இரண்டாம் படியினர் சிக்கலான வழக்குகளை எடுக்கலாம். தீர்ப்பாயத்தில் மேல்முறையீட்டுக்காக வாதாட மூன்றாம் படி வேண்டும். ஒவ்வொரு படிக்கும் தேர்வு உண்டு, தேறியபின்னும் தொடர்ந்து படிக்க வேண்டும். இதைக் கண்காணிக்கும் அமைப்பு 2025 ஜனவரி முதல் ‘இமிக்ரேஷன் அட்வைஸ் அத்தாரிட்டி’ என்று அழைக்கப்படுகிறது. கனடாவில் கட்டணம் வாங்கி ஆலோசனை சொல்பவர் வழக்கறிஞராகவோ, 2021 நவம்பரில் செயல்படத் தொடங்கிய ஆலோசகர் கல்லூரியின் உறுப்பினராகவோ இருக்க வேண்டும். ‘கல்லூரி’ என்பது அங்கே பாடம் நடத்தும் இடம் அன்று, தொழிலை ஒழுங்குபடுத்தும் அமைப்பு. உறுப்பினராக விரும்புவோர் குவீன்ஸ் பல்கலைக்கழகம் போன்ற இடத்தில் அதற்கென்று உள்ள பட்டயப் படிப்பை முடித்துத் தேர்வும் எழுத வேண்டும். ஆஸ்திரேலியாவிலும் குடியேற்றச் சட்டத்தில் பட்டயம் பெற்றுத்தான் பதிவு செய்ய முடியும். நியூசிலாந்து இன்னும் ஒருபடி மேலே போய், 2010 முதல், உலகின் எந்த மூலையில் அமர்ந்து தன் விசாவுக்கு ஆலோசனை சொன்னாலும் உரிமம் வேண்டும் என்கிறது. தஞ்சாவூரில் அலுவலகம் வைத்திருப்பவருக்கும் அது பொருந்தும்.

இந்த நாடுகளின் ஆலோசகர் பட்டியல்கள் இணையத்தில் யாரும் பார்க்கும்படி உள்ளன. உரிம எண்ணைக் கேளுங்கள், அந்த எண்ணைப் பட்டியலில் தேடுங்கள், பெயர் உங்கள் எதிரே இருப்பவருடையதுதானா என்று பாருங்கள். இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நம்மவர்கள் தயங்குகிறார்கள். உண்மையான ஆலோசகர் கேட்கும் முன்பே எண்ணைத் தந்துவிடுவார்.

இதில் என்ன பெரிய ஆபத்து, போனால் பணம்தானே என்று சிலர் நினைக்கலாம். இப்படி எண்ணிப் பாருங்கள். கணவரின் சம்பளம் சற்றுக் குறைவு. ஏஜென்ட் நம்மிடம் சொல்லாமலே வங்கிக் கணக்குத் தாளைத் திருத்தி வைக்கிறார். அல்லது, முன்பு ஒருமுறை விசா மறுக்கப்பட்டதை மறைத்து ‘இல்லை’ என்று குறிக்கிறார். தூதரகம் கண்டுபிடித்துவிடுகிறது. அப்போது தண்டனை ஏஜென்டுக்கு அல்ல, விண்ணப்பத்தில் கையொப்பமிட்ட மனைவிக்கு. பொய்த்தகவல் என்று முடிவானால் பிரிட்டன் 10 ஆண்டுகள் வரையும், கனடா 5 ஆண்டுகளும், ஆஸ்திரேலியா 3 ஆண்டுகளும் கதவை மூடலாம். அமெரிக்காவில் வாழ்நாள் தடையே உண்டு. ‘எனக்குத் தெரியாது, அவர்தான் எழுதினார்’ என்ற பதிலைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. ஐந்து வயதில் தகப்பனோடு சேர வேண்டிய குழந்தைக்குப் பதினைந்து வயதாகிவிடும்.

ஆகவே விண்ணப்பத்தில் உள்ள மின்னஞ்சல் முகவரியும் கடவுச்சொல்லும் உங்களுடையவையாக இருக்கட்டும். அனுப்பப்பட்ட படிவத்தின் நகல் முழுவதையும் வாங்கி, ஆங்கிலம் தெரிந்த ஒருவரைக் கொண்டு ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் சொல்லக் கேளுங்கள். பணத்திற்கு ரசீது கேளுங்கள். வெற்றுத் தாளில் கையொப்பமிட வேண்டாம். அசல் பாஸ்போர்ட்டை மாதக்கணக்கில் ஏஜென்டின் மேசையில் விட்டு வைக்கவும் வேண்டாம்.

இனி, மறுக்கப்படும் விண்ணப்பங்கள் எல்லாம் மோசடியால் மறுக்கப்படுவதில்லை. நம் பகுதியில் மிகுந்த தொல்லை தருவது பெயர். ஆரோக்கியம் என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது பள்ளிச் சான்றில் ‘சி’யும் ‘கே’யும் சேர்ந்து வருகிறது, ஆதாரில் ‘கே’ மட்டும், திருமுழுக்குப் பதிவேட்டில் ‘ஜி’. திருமுழுக்கில் மரிய ஆரோக்கியம், பள்ளியில் ஆரோக்கியமேரி, வீட்டில் வேறொன்று. இதில் தகப்பன் பெயரின் முதலெழுத்தைப் பாஸ்போர்ட்டில் விரித்து எழுதும்போது, தகப்பன் பெயர் சில சமயம் குடும்பப் பெயராகிவிடுகிறது. திருமணத்திற்குப் பின் கணவர் பெயரைச் சேர்த்தவர், சேர்க்காதவர் என்று மேலும் ஒரு குழப்பம். நமக்கு எல்லாம் ஒரே ஆள். தூதரக அதிகாரிக்கு நான்கு ஆட்கள்.

ஆலயத்தில் நடந்த திருமணத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பங்குத்தந்தை தரும் திருமணச் சான்று இருந்தால் போதும் என்று பலர் எண்ணுகிறார்கள். தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009 நவம்பர் 24 முதல் நடைமுறையில் உள்ளது. எந்தச் சமய முறையில் நடந்த திருமணமானாலும் 90 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு மேலும் 60 நாட்கள் உண்டு. மாப்பிள்ளை விடுமுறை முடிந்து விமானம் ஏறும் அவசரத்தில் இதை விட்டுவிட்டு, ஓராண்டு கழித்துத் தூதரகம் கேட்கும்போது ஓடுவதுதான் நம் வழக்கமாக இருக்கிறது. பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் சேர்க்கத் திருமணச் சான்று தேவையில்லை என்று 2016 டிசம்பரில் விதி தளர்த்தப்பட்டதால், சான்றே வேண்டாம் என்று நினைத்தவர்களும் உண்டு. பாஸ்போர்ட் வேறு, விசா வேறு.

காரைக்கால் பக்கம் பெண் கொடுத்தவர்களுக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும். 1962 ஆகஸ்ட் 16இல் பிரெஞ்சுப் பகுதிகள் சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, விரும்பியவர்கள் ஆறு மாதத்திற்குள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ள வாய்ப்பு தரப்பட்டது. அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றும் பிரெஞ்சுக் குடிமக்கள். அப்படி ஒருவரை மணப்பவர், திருமணத்திற்கு முன்பே புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சுத் துணைத் தூதரகத்தில் திருமணத் தகுதிச் சான்று பெற வேண்டும். திருமணத்திற்குப்பின் அதைப் பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். அதன்பிறகுதான் மனைவிக்கு நீண்ட கால விசா. வரிசை மாறினால் மாதங்கள் வீணாகும்.

சான்றிதழ்களுக்கு அட்டஸ்டேஷன் வாங்குவதிலும் ஏஜென்டுகள் சில ஆயிரம் கேட்பது வழக்கம். இந்தியா 2005 முதல் அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் இருக்கிறது. வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் கட்டணம் ஒரு சான்றுக்கு 50 ரூபாய், அதோடு சிறிய சேவைக் கட்டணம். முதலில் மாநில அரசு சரிபார்க்கும், பிறகு அமைச்சகம். குவைத், அமீரகம் போன்ற, ஒப்பந்தத்தில் இல்லாத நாடுகளுக்கு மட்டும் தூதரக முத்திரை தனியே வேண்டும். அலைச்சலுக்குக் கூலி கொடுப்பதில் தவறில்லை. எதற்கு எவ்வளவு என்று தெரிந்து கொடுப்போம்.

நம் பங்குகள் என்ன செய்யலாம்? அமெரிக்க ஆயர்கள் 1988இல் ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள்; சுருக்கமாக அதன் பெயர் ‘கிளினிக்’. பங்குகளிலும் கத்தோலிக்க நலவாழ்வு மையங்களிலும் பணிபுரியும் சாதாரண ஊழியர்களுக்குக் குடியேற்றச் சட்டம் கற்பிப்பது அதன் முக்கியப் பணிகளுள் ஒன்று. அங்கே அரசு ஏற்ற தொண்டு அமைப்பில் பணியாற்றி, பயிற்சி பெற்று, அரசின் அங்கீகாரம் பெற்றவர், வழக்கறிஞராக இல்லாவிட்டாலும் ஏழைகளின் விண்ணப்பங்களைக் கையாளலாம். அந்த அங்கீகாரத்தை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பக்தியும் இரக்கமும் மட்டும் இருந்தால் போதும் என்று அவர்கள் விட்டுவிடவில்லை. சட்டம் படிக்க வைத்தார்கள்.

நம் ஊரில் அதே அங்கீகாரம் கிடையாது. எனவே பங்கில் ஓர் உதவி மேசை போட்டு நாமே ஆலோசகர் ஆகிவிட முடியாது; ஆகவும் கூடாது. நல்ல மனத்தோடு சொன்ன தவறான ஆலோசனையும் அதே தடையைத்தான் கொண்டுவரும். ஆனால் அன்பியம் ஒன்றுக்கு ஒருவர், கணினி தெரிந்த இளைஞரோ ஓய்வுபெற்ற ஆசிரியரோ, சான்றிதழ்களின் பெயர்களை ஒப்பிடவும், ஆலோசகரின் எண்ணைப் பட்டியலில் தேடவும், அரசு இணையதளத்தைப் படித்துச் சொல்லவும் கற்றுக்கொள்ளலாம். ‘இது எனக்குத் தெரியாது, உரிமம் பெற்றவரிடம் போங்கள்’ என்று எந்த இடத்தில் சொல்ல வேண்டும் என்பதுதான் அவர்களுக்கு முதல் பாடமாக இருக்க வேண்டும். சட்டம் படிக்கும் நம் பிள்ளைகளில் ஓரிருவர் இந்தத் துறையை எடுத்தால் மறைமாவட்டத்திற்கே பயன்படும்.

உடனே தொடங்கக்கூடிய ஒன்றும் உண்டு. மணமக்களுக்காக மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கிறோம். அந்த மூன்று வாரத்தில் இருவரின் பாஸ்போர்ட், பள்ளிச் சான்று, பிறப்புச் சான்று, திருமுழுக்குச் சான்று நான்கையும் பங்கு அலுவலக மேசையில் அருகருகே வைத்து, பெயரை எழுத்து எழுத்தாகப் பார்த்துவிடலாம். எது சட்டப்படியான பெயரோ அதே எழுத்தில் திருமணப் பதிவேட்டில் எழுதலாம். பதிவேட்டில் மை ஏறிய பிறகு திருத்துவது எவ்வளவு கடினம் என்று நம் உபதேசியார்களைக் கேட்டால் தெரியும்.