பூட் செட்டிங்ஸில் ஒரே ஒரு வரி... ஸ்க்ரீன் ஃபுல் பிளாக்! ரெசல்யூஷனை மாற்றும் முன் இதைப் படிங்க

"அண்ணே, ஸ்க்ரீன் போச்சுண்ணே. கறுப்பா இருக்கு. நடுவுல மட்டும் 'அவுட் ஆஃப் ரேஞ்ச்'னு ஒரு பொட்டி வருது."

இரவு பத்தரை மணிக்குத் தங்கச்சியிடமிருந்து போன். நாகமலை புதுக்கோட்டையில் எங்கள் வீடு. (புதுக்கோட்டை மாவட்டம் இல்லைங்க. மதுரையிலிருந்து தேனி ரோட்டில் காமராசர் பல்கலைக்கழகத்துக்குப் போற வழியில் வரும் ஊர்.) மறுநாள் காலை அவளுக்கு புராஜெக்ட் சப்மிஷன்.

"என்னத்த பண்ணுன?"

"ஒண்ணும் பண்ணலண்ணே... ஒரே ஒரு வரி மாத்துனேன்."

அந்த ஒரு வரிதான் இந்தக் கட்டுரை.

லேப்டாப்புக்கு ஒரு குட்டி பிளாஷ்பேக்

அது நான் பிளஸ் டூ படிக்கும்போது கிடைத்த அரசு லேப்டாப். தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினி திட்டத்தில், எல்காட் நிறுவனம் மூலம் வாங்கப்பட்டு லட்சக்கணக்கான மாணவர்களுக்குப் போய்ச் சேர்ந்தவற்றில் ஒன்று. ஆரம்ப கால லேப்டாப்களில் விண்டோஸுடன் 'பாஸ் லினக்ஸ்' என்ற இன்னொரு இயங்குதளமும் இருக்கும். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம், டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து உருவாக்கியது. அப்போது நிறைய பேர் அதைத் திறந்துகூடப் பார்த்ததில்லை.

இப்போது நிலைமை வேற. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. இந்தப் பழைய மெஷின்களில் விண்டோஸ் 11 ஏறாது. அதனால் நாங்களும் லினக்ஸ் மின்ட் போட்டோம், நல்லாவே ஓடுது. லேப்டாப்பின் சொந்த ஸ்க்ரீன் எப்பவோ உடைஞ்சிருச்சு. அப்பா மதுரை டவுனில் ஒரு செகண்ட் ஹேண்ட் மானிட்டர் வாங்கி வந்து விஜிஏ ஒயரில் மாட்டிக் கொடுத்தார். பிரச்னை அங்கே தொடங்கியது.

எல்லாரும் ஏன் குண்டாகத் தெரிஞ்சாங்க?

அந்த மானிட்டரின் உண்மையான அளவு 1366×768. அதாவது, அகலத்தில் 1366 புள்ளிகள், உயரத்தில் 768 புள்ளிகள். ஆனால் லேப்டாப் அனுப்பியது 1024×768. சதுரத்துக்குப் பக்கமான படத்தை அகலமான திரையில் இழுத்து நிரப்பினால் வட்டம் முட்டையாகும், முகம் உப்பும், எழுத்து மங்கும். கணக்குப் போட்டால், திரையில் இருக்கும் சுமார் 10.5 லட்சம் புள்ளிகளுக்கு, போய்ச் சேர்ந்தது சுமார் 7.9 லட்சம் புள்ளிகளுக்கான படம். கால்வாசி காலி.

கம்ப்யூட்டருக்கு மானிட்டரின் அளவு எப்படித் தெரியும்?

மானிட்டரே சொல்லும். ஒவ்வொரு மானிட்டருக்குள்ளும் 'எடிட்' (இ-டி-ஐ-டி) எனப்படும் ஒரு குட்டித் தகவல் தொகுப்பு இருக்கிறது. அடிப்படை அளவு வெறும் 128 பைட். 'என் அளவு இது, விநாடிக்கு இத்தனை தடவை படத்தை மாற்றுவேன்' என்ற விவரம் அதில் இருக்கும். ஒயரைச் செருகியதும் கம்ப்யூட்டர் இதைப் படித்துக்கொள்ளும். மானிட்டரின் ஆதார் கார்டுன்னு வெச்சுக்கலாம்.

விஜிஏ ஒயரில் 15 முள் உண்டு. அதில் 12, 15 எண் முட்கள்தான் இந்தத் தகவலைக் கொண்டுபோகும். சில மலிவு ஒயர்களில் வெளியே முள் இருக்கும், உள்ளே கம்பி இருக்காது. படம் வரும், ஆதார் கார்டு வராது. அளவு தெரியாத லினக்ஸ், 'எதுக்கு வம்பு' என்று பாதுகாப்பான 1024×768-இல் நின்றுகொள்ளும். (ஒன்பதாவது முள் இல்லாமல் இருந்தால் பதறாதீங்க. நிறைய ஒயர்களில் அது வேண்டுமென்றே விடப்பட்ட இடம்.)

பூட் செட்டிங்ஸ் எங்கே வருது?

மானிட்டர் சொல்லாததை நாமே சொல்லலாம். லினக்ஸில் பவர் பட்டனை அழுத்தியதும், இயங்குதளத்துக்கு முன்பே எழுந்திருப்பது 'கிரப்' என்ற பூட் லோடர். எந்த இயங்குதளத்தை, என்ன கட்டளைகளோடு கிளப்ப வேண்டும் என்று அதுதான் முடிவு செய்யும். அதன் அமைப்புகள் 'இடிசி' ஃபோல்டருக்குள், 'டிஃபால்ட்' ஃபோல்டரில், 'கிரப்' என்ற பெயருள்ள கோப்பில் இருக்கும்.

இங்கே பலரும் ஒரு இடத்தில் ஏமாறுவார்கள். அந்தக் கோப்பில் 'ஜிஎஃப்எக்ஸ் மோட்' என்ற வரி இருக்கும். பக்கத்திலேயே 640×480 என்ற எண். 1987-இல் ஐபிஎம் கொண்டுவந்த விஜிஏ-வின் அளவு அது. இதை மாற்றினால் டெஸ்க்டாப் மாறிடும்னு நினைப்போம். இல்லை. முக்கியமாக மாறுவது கிரப் மெனுவின் அளவுதான்.

டெஸ்க்டாப்பைத் தொட வேண்டுமானால் 'சிஎம்டிலைன் லினக்ஸ் டிஃபால்ட்' என்ற வரிக்குப் போக வேண்டும். மேற்கோள் குறிக்குள் 'குவைட் ஸ்பிளாஷ்' என்று இருக்கும். அதன் பின்னால் ஒரு இடைவெளி விட்டு இந்த வரிசையில் சேர்க்க வேண்டும்: வீடியோ என்ற ஆங்கிலச் சொல், சமக்குறி, போர்ட்டின் பெயர், முக்காற்புள்ளி, அகலம், ஆங்கில எக்ஸ், உயரம், '@' குறி, 60. நடுவில் எங்கும் இடைவெளி கூடாது. போர்ட்டின் சரியான பெயர் 'சிஸ்' ஃபோல்டரில் 'கிளாஸ்', அதற்குள் 'டிஆர்எம்' பகுதியில் இருக்கும்.

தங்கச்சி இதை யாரையும் கேட்காமல் கரெக்டா கண்டுபிடிச்சிருந்தா. ஆனால் 'பெரிய நம்பர்னா நல்லா இருக்கும்ல' என்று 1920×1080, கடைசியில் 75 போட்டிருக்கிறாள். பாவம், அந்த மானிட்டரால் தாங்க முடியாத அளவு.

அந்த 15 விநாடி இங்கே கிடையாது

விண்டோஸில் ரெசல்யூஷனை மாற்றினால் 'இதை வெச்சுக்கலாமா?' என்று ஒரு கேள்வி வரும். பதில் சொல்லாவிட்டால் 15 விநாடியில் தானாகப் பழையபடி திரும்பிவிடும். ஸ்க்ரீன் கறுப்பானாலும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தால் போதும்.

பூட் கோப்பில் அப்படி யாரும் கேட்க மாட்டார்கள். நீங்கள் எழுதியதை அது அப்படியே நம்பும். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் அதே தப்பைச் செய்யும். மெஷின் நல்லாத்தான் இருக்கும். ஆனால் நமக்கு எதுவும் தெரியாது. இந்த நிலையில் கடைக்குக் கொண்டுபோனால் 'மதர்போர்டு அவுட்' என்று சொல்லவும் ஆள் இருக்கு. எனக்கே ஒரு கடையில் அது நடந்திருக்கு.

அதனால் அந்த 15 விநாடியை நாமே உருவாக்கிக்கொள்ள வேண்டும். வழி இருக்கு.

முதலில் ஒத்திகை, அப்புறம்தான் எழுத்து

1. மெஷினை ஆன் செய்யும்போது கிரப் மெனு வர வேண்டும். வராவிட்டால் பழைய பயாஸ் மெஷினில் ஷிஃப்ட் விசையைப் பிடித்திருங்கள். புதிய யுஇஎஃப்ஐ மெஷினில் எஸ்கேப் விசையைத் தட்டுங்கள்.

2. மெனு வந்ததும் ஆங்கில எழுத்துகளில் ஐந்தாவதான 'இ' விசையை அழுத்துங்கள். பூட் கட்டளைகள் திறக்கும்.

3. 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியைத் தேடி, அதன் கடைசியில் உங்கள் வீடியோ சொல்லைச் சேருங்கள்.

4. எஃப்10 அழுத்துங்கள். இந்த மாற்றம் இந்த ஒரு பூட்டுக்கு மட்டும்தான். ஸ்க்ரீன் கறுப்பானால் ஆஃப் செய்து ஆன் பண்ணுங்க, பழையபடி வந்துடும்.

5. படம் சரியாக வந்தால் மட்டும் கோப்பைத் தொடுங்கள். அதற்கு முன் அதன் நகல் ஒன்றை எடுத்து வையுங்கள். மாற்றியபின் டெர்மினலில் 'சூடோ அப்டேட்-கிரப்' கட்டளை கொடுக்க மறக்காதீங்க. அதைக் கொடுக்காவிட்டால் மாற்றம் ஏறாது.

ஏற்கெனவே கறுப்பாயிடுச்சா?

அதே வழி, தலைகீழாக. 'இ' அழுத்தி, 'லினக்ஸ்' வரியில் நீங்கள் சேர்த்த சொல்லை மட்டும் அழித்துவிட்டு எஃப்10. உள்ளே போனதும் கோப்பையும் திருத்தி, அப்டேட்-கிரப் கொடுத்துவிடுங்கள்.

போனில் நான் சொல்லச் சொல்ல, தங்கச்சி செய்தது இதைத்தான். கிரப் மெனு வரும் நேரத்தில் இந்த வீடியோ கட்டளை இன்னும் வேலையைத் தொடங்கியிருக்காது. அதனால் மெனு மானிட்டரில் ஒழுங்காகத் தெரியும். மூணாவது முயற்சியில் ஷிஃப்ட் சரியாக விழுந்தது. பதினோரு மணிக்கு "வந்துருச்சுண்ணே!"

ஆபீஸ் லேப்டாப்பா? கொஞ்சம் நில்லுங்க

விண்டோஸில் 'எம்எஸ்கான்ஃபிக்' திறந்து 'பூட்' பகுதியில் 'பேஸ் வீடியோ' என்பதை டிக் செய்தால், அடிப்படை டிரைவரோடு குறைந்த ரெசல்யூஷனில் எழும். டிஸ்ப்ளே டிரைவர் சொதப்பும்போது உதவும். வேலை முடிந்ததும் டிக்கை எடுக்காவிட்டால், ஒவ்வொரு முறையும் அப்படியேதான் எழும். பிட்லாக்கர் போட்ட ஆபீஸ் லேப்டாப்பில் பூட் அமைப்பை மாற்றினால், அடுத்த முறை 48 இலக்க ரெக்கவரி கீ கேட்க வாய்ப்பிருக்கு. அந்தக் கீ கையில் இல்லையென்றால் ஐ.டி. டீமிடம் கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

கடைசியில் என்ன ஆச்சு?

அடுத்த வாரம் ஊருக்குப் போனபோது, வேறொரு நல்ல விஜிஏ ஒயர் வாங்கி மாட்டினேன். 1366×768 தானாகவே வந்தது. பூட் கோப்பில் எழுதிய வரிக்கு வேலையே இல்லாமல் போனது. அழித்துவிட்டோம்.

ஆக, வரிசை இதுதான்: முதலில் டிஸ்ப்ளே செட்டிங்ஸ், அடுத்து ஒயர், அப்புறம் ஒரு பூட்டுக்கு மட்டும் ஒத்திகை, கடைசியாகத்தான் கோப்பு.

தங்கச்சி இப்போது லேப்டாப்பின் அடியில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறாள்: 'ஷிஃப்ட். இ. எஃப்10.' புராஜெக்ட்டை நேரத்துக்குக் கொடுத்துவிட்டாள். இப்போ கிளாஸில் யாருக்கு ஸ்க்ரீன் போனாலும் அவளுக்குத்தான் போன் வருதாம்.