உங்களுக்குத் தெரியுமா? புலி கண்ணில் படாத புலிக்காடு

தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் எது என்று கேட்டால் பலரும் முதுமலை என்பார்கள். இல்லை, நம் திருநெல்வேலிச் சீமைக் காடுதான். 1962இல் முண்டந்துறையும் 1976இல் களக்காடும் தனித்தனிச் சரணாலயங்களாயின. 1988இல் இரண்டையும் சேர்த்துக் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். ஆனால் புலியைப் பார்த்தே தீருவேன் என்று பை கட்டுகிறவர் வேறு காட்டுக்குப் போவது உத்தமம். அடர்ந்த மழைக்காட்டில் மானும் காட்டுமாடும் குறைவு. இரை குறைந்தால் புலியும் குறைவுதானே! இங்கே பார்க்க வேண்டியவை பெரும்பாலும் தலைக்கு மேலே, மரத்தில் இருக்கின்றன.

கறுப்பாக இருப்பதெல்லாம் ஒன்றல்ல. களக்காட்டுச் சரணாலயம் உருவானதே சிங்கவால் குரங்குக்காகத்தான். முகத்தைச் சுற்றி வெள்ளிப் பிடரி, வால் நுனியில் சின்னக் குஞ்சம். இதே காட்டில் கருமந்தியும் உண்டு. அதற்குப் பிடரி கிடையாது. தலைமயிர் மட்டும் பழுப்பு, வால் நீளம், நுனியில் குஞ்சமில்லை. காலையில் பள்ளத்தாக்கு முழுக்க எதிரொலிக்கும் ‘ஹூ... ஹூ...’ சத்தம் கருமந்தியுடையது. ஒரு காலத்தில் ஆஸ்துமாவுக்குக் ‘கருங்குரங்கு லேகியம்’ என்று சொல்லி இதைச் சுட்டுத் தீர்த்தார்கள். அந்த லேகியத்தால் ஆஸ்துமா குணமானதோ என்னவோ, குரங்கு குறைந்தது நிச்சயம்.

இதழ் இல்லாத பூ. சிங்கவால் குரங்கைக் காண வேண்டுமானால் வெடிப்பலா மரத்தைக் கண்டுபிடியுங்கள். துரியன் பழத்துக்கு உறவு இந்த மரம். காயும் அதே மாதிரி முள்ளாக, கொஞ்சம் சின்னதாக இருக்கும். பூ கிளை நுனியில் வராது. கிளையின் பட்டையிலேயே கொத்துக் கொத்தாகப் பழுப்பு நிறத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்கு இதழே கிடையாது. மற்ற மரங்களில் பழம் அரிதான வறண்ட மாதங்களில் இது பூப்பதால், குரங்கு, மலையணில், மரநாய், வவ்வால் என ஒரு ஊரே இதை நம்பி இருக்கிறது. பூவைத் தின்ன வருகிற விலங்கின் மூஞ்சியில் மகரந்தம் ஒட்டிக்கொள்கிறது. அடுத்த பூவுக்கு அது போய்ச் சேர்கிறது. வண்டும் தேனீயும் செய்கிற வேலையை இங்கே பாலூட்டிகள் செய்கின்றன என்பதை மாஞ்சோலைக்கு மேலே காக்காச்சிக் காட்டில் மர உச்சி வரை ஏறி இருந்து பார்த்த ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பாதையில் பழுப்புப் பூக்கள் கொட்டிக் கிடந்தால் நடப்பதை நிறுத்திவிட்டு அண்ணாந்து பாருங்கள்.

பூட்டிய வீட்டில் தாய். பெரிய இருவாச்சிப் பெட்டை, மரப்பொந்துக்குள் போய் உட்கார்ந்து தன் எச்சத்தாலேயே வாசலை அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீற்று மட்டும் விடும். மாதக்கணக்கில் அத்திப்பழமும் பிறவும் கொண்டுவந்து ஊட்டுவது ஆணின் பொறுப்பு. அது பறந்து வருவது கண்ணுக்குத் தெரியும் முன்பே சிறகுச் சத்தம் கேட்டுவிடும், தூரத்தில் வருகிற கரி ரயில் மாதிரி.

அட்டை. இலை நுனியில் பின்பக்கத்தை ஊன்றி நின்று, உடம்பை நீட்டி இப்படியும் அப்படியும் ஆடும். நம் மூச்சும் சூடும் எட்டியதும் பூட்ஸ் நோக்கி வளைந்து வளைந்து வரும். கடிக்கும்போது வலிக்காது. ஆனால் ரத்தம் உறையாமல் இருக்க ஒரு சாறு விடுவதால், அது விழுந்த பிறகும் கசிந்துகொண்டே இருக்கும். பயப்பட ஒன்றுமில்லை. காலுறைமேல் புகையிலைத் தண்ணீர் தடவுவது பழைய வழக்கம்.

உச்சியில் ஒரு ஆய்வுக்கூடம். 1,868 மீட்டர் உயர அகத்தியமலை, அகத்திய முனிவருக்கு மட்டும் சொந்தமல்ல. திருவிதாங்கூர் மகாராஜாவின் வானியலாளராக இருந்த ஜான் ஆலன் பிரவுன், பூமியின் காந்தப்புலத்தை அளக்க 1850களில் அங்கே ஓர் ஆய்வுக்கூடமே கட்டினார். மழையிலும் காற்றிலும் அதை நிறுத்தி வைப்பது எவ்வளவு பாடு என்று இன்று ஏறுகிறவர்களுக்குப் புரியும். இன்று ஏறுவது கேரளத்துப் போனக்காடு வழியாகத்தான். நெல்லைப் பக்கமிருந்து அனுமதி இல்லை.

கார், பிசானம். பொதிகை மலையில் பூங்குளத்தில் பிறக்கும் தாமிரபரணி சுமார் 128 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயலில் கடலில் சேர்கிறது. தென்மேற்குப் பருவமழை கார் நெல் சாகுபடிக்கு, வடகிழக்குப் பருவமழை பிசானத்துக்கு. இரண்டு மழையையும் பிடித்து வைத்து மெல்ல விடுவது இந்தக் காடுதான். நெல்லையில் குழாயைத் திறக்கிறவர் பொதிகையைத்தான் திறக்கிறார்.

மாஞ்சோலை. 1929இல் சிங்கம்பட்டி ஜமீன், பாம்பே பர்மா நிறுவனத்துக்கு எட்டாயிரத்துச் சொச்சம் ஏக்கர் காட்டை 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று தேயிலைத் தோட்டங்கள் எழுந்தன. நாலுமுக்கும் ஊத்தும் தமிழ்நாட்டிலேயே மிக அதிகமாக மழை பெய்கிற ஊர்களில் அடங்குபவை. வடகிழக்குப் பருவமழை நாட்களில் தினசரி மழைப் பட்டியலில் அடிக்கடி முதலிடம். குத்தகை முடிவது 2028இல். ஆனால் 2024 ஜூனிலேயே தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்துத் தோட்ட வேலை நிறுத்தப்பட்டது. நாலைந்து தலைமுறையாக அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களில் பலர் கீழே இறங்கினார்கள். காட்டைக் காட்டுக்கே திருப்பித் தருவது சரிதான். ஆனால் அந்தச் சரிக்கு விலை கொடுத்தவர்கள் தேயிலை பறித்தவர்கள் என்பதையும் தொழிலாளர்களின் லைன் வீடுகளைப் படமெடுக்கிற சுற்றுலாக்காரர் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

அரிசிக்கொம்பன் இங்கேதான் வந்தான். ரேஷன் கடை அரிசியை ருசி கண்ட சின்னக்கானல் யானையைக் கேரளம் 2023 ஏப்ரலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டது. அவன் கம்பத்துத் தெருவில் இறங்கி நடந்தான். ஜூன் 5 அன்று தமிழ்நாடு வனத்துறை பிடித்து, ரேடியோ காலருடன் மேல் கோதையாறு பக்கம் விட்டது. செப்டம்பரில் நாலுமுக்குத் தோட்டத்தில் தலை காட்டினான்.

செருப்பு நேர்ச்சை. காரையாறு சொரிமுத்தையனார் கோயிலில் பட்டவராயன் சாமிக்குச் செருப்பு காணிக்கை. கட்டித் தொங்கவிட்ட புதுச்செருப்பு மறுவருஷம் தேய்ந்திருக்கும், அவர் இரவில் போட்டுக்கொண்டு நடப்பதால் என்பது பக்தர்கள் நம்பிக்கை. அனுமதிச் சீட்டு இல்லாமல் இந்தக் காட்டில் சுற்றுகிறவர் அவர் ஒருவர்தான்.

மற்றவர்களுக்கு அனுமதி கட்டாயம். 2018 குரங்கணித் தீயில் 23 பேர் மாண்ட பிறகு மலையேற்ற விதிகள் இறுகின. 2024இல் வந்த ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் இணையத்தில் பதிவு செய்து, வழிகாட்டியோடு நடக்கலாம். காரையாறு–மூலக்கசம் பாதையும் பட்டியலில் உண்டு. மாஞ்சோலைக்கு மணிமுத்தாறு சோதனைச் சாவடியைத் தாண்ட வேண்டும். பைக்கில் போனால் அங்கேயே திருப்பிவிடுவார்கள். கனமழை அறிவிப்பு வந்தாலும் காட்டுத்தீ காலத்திலும் கேட்டை மூடிவிடுவார்கள். அம்பாசமுத்திரம் வனத்துறை அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டுவிட்டே பஸ் ஏறுங்கள்.