பல்வலி நின்னுடுச்சா? அப்பவும் கவனம் தேவை!

"பல்வலிதானே, கிராம்பு வச்சா போயிடும்" என்று தள்ளிப்போடுகிறீர்களா? சொத்தை ஆழமாக இறங்கினால் பல்லின் வேரில் சீழ் கட்டும். பல்லுக்குள் இருக்கும் நரம்பு செத்துவிட்டால் வலி தானாகவே நின்றுவிடும். சரியாயிடுச்சு என்று நினைப்போம். ஆனால் கிருமித் தொற்று உள்ளேயே இருந்து, தாடைக்கும் கழுத்துக்கும் பரவலாம்.

ஓரிரு நாளில் பல் மருத்துவரைப் பாருங்கள்:
• தெறிக்கும் வலி, கடித்தால் வலி
• ஈறில் கொப்புளம், வாயில் சீழ், கெட்ட சுவை

உடனே கிளம்புங்கள்:
• முக வீக்கம் கண் பக்கமோ கழுத்துப் பக்கமோ பரவுதல்
• வீக்கத்துடன் காய்ச்சல், குளிர் நடுக்கம்
• வாயைத் திறக்க முடியாமை
• நாக்குக்கு அடியில் வீக்கம், எச்சில்கூட விழுங்க முடியாமை, குரல் மாற்றம், மூச்சுத்திணறல்

கடைசியாகச் சொன்னவை உயிருக்கே ஆபத்து; வீக்கம் மூச்சுப்பாதையை அடைத்துவிடலாம். காலையில் பல் டாக்டர் வரட்டும்னு காத்திருக்காதீங்க. நடுராத்திரி ஆனாலும் 108-ஐ அழைத்து, அரசு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக மாத்திரை வாங்கிப் போட்டால் வீக்கம் கொஞ்சம் வடியலாம். தொற்றின் வேர் அப்படியே இருக்கும். சீழை வெளியேற்றி, வேர் சிகிச்சை செய்தோ பல்லை எடுத்தோதான் குணப்படுத்த முடியும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத் தொற்று வேகமாகப் பரவும். அவர்கள் ஒருநாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

எங்கே போவது என்று சந்தேகமா? 104-க்கு போன் செய்து கேளுங்கள். இரண்டு எண்களையும் இப்பவே மொபைலில் சேமித்துக்கொள்ளுங்கள்.